எனக்குக் கேட்காத நெட்டைக்காலி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலைக்குப் பின்னால், யாரும் கட்டாமல் விட்ட மனை ஒன்று இருக்கிறது. மழை ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். ஓய்வு பெற்றபின் அங்கே பறவை பார்ப்பதுதான் என் வேலை. நான் வரும்வரை என் மனைவி ஸ்கூட்டரில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருப்பாள்.

போன தை மாதம் அங்கே ஒரு நெட்டைக்காலியைப் பார்த்தேன். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, மண் நிறப் பறவை. நம் வயல்களில் ஆண்டு முழுக்க இருப்பது ஒரு வகை. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வலசை வருவது இன்னொரு வகை. பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். குரலைக் கேட்டால்தான் உறுதி. இது நெஞ்சை நிமிர்த்தி நின்றது, பறந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"இன்னாங்க இது, காஞ்ச எண்ணெயில கத்திரிக்கா போட்டா மாரி சொர்ருனு கத்திக்கினு போவுது?" என்றாள் மனைவி.

"அது ஆலைச் சத்தம்" என்றேன்.

வீட்டில் வலசைப் பறவையின் குரலைக் கைப்பேசியில் ஓட விட்டேன். சமையலறையிலிருந்தே "அதேதான்!" என்றாள். கையில் வைத்திருந்த எனக்குத்தான் அது கேட்கவில்லை.

பறவை பார்ப்பவர்களின் குழுவில், அன்று நான் எடுத்த படத்தைப் போட்டதும், குரல் கேட்டதா என்று விசாரித்தார்கள். "தெளிவாகக் கேட்டேன்" என்று எழுதினேன். அவள் கேட்டதாக எழுதியிருக்கலாம். ஆனால் காது போனது தெரிந்துவிட்டால் என் பதிவுகளை யார் மதிப்பார்கள் என்று பயம்.

ஞாயிறன்று குழுவே கிளம்பி வந்துவிட்டது. புல்வெளியில் எல்லோரும் சட்டென்று இடப்பக்கம் திரும்பினார்கள். நான் மட்டும் வலப்பக்கம் தொலைநோக்கியை நீட்டி, "அமைதி, இப்போது எழும்பும்" என்றேன்.

ஸ்கூட்டரிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, அது உங்க முதுகாண்ட கத்திக்கினு போயே போச்சு!"

செவ்வாப்பேட்டையிலிருந்து வந்திருந்த பெண் தயங்கிக் கேட்டாள்: "சார், அப்ப அன்னிக்கு யாருக்குக் கேட்டுது?"

ஸ்கூட்டரைக் காட்டினேன். "அவளுக்கு. நான் பொய் எழுதினேன். அவள் சொன்னதை ஆலைச் சத்தம் என்று தட்டியும் விட்டேன்."

சொல்லும்போது மனைவியின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அவளோ சிரித்தாள். "தெரு முனை வரைக்கும் கேக்கறா மாரி டி.வி. வெக்கிறாரே, அப்பவே எனக்குத் தெரியும்மா!"

"அப்ப சார் பாக்கட்டும், ஆன்ட்டி கேக்கட்டும்" என்றாள் அந்தப் பெண்.

அன்று மாலையே பதிவைத் திருத்தினேன்: குரல் கேட்டது என் மனைவி. இப்போது விடிந்ததும் ஸ்கூட்டர் சாவியை எடுப்பவள் அவள்தான். பிளாஸ்க் என் கையில்.