முதலைப் பேச்சு

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் பேசுவது உண்மையில் பெற்றோர்தான். வாய் மட்டும் பிள்ளைகளுடையது. அம்மாமார் சொல்லித் தருவார்கள், நாங்கள் அர்த்தம் விளங்காமலே பாடமாக்கி ஒப்பிப்போம். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வந்த தலைப்பு ‘எனக்குப் பிடித்த விலங்கு’. முந்தின வருடம் வெற்றிக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு போன மேல்மாடி வீட்டுப் பிள்ளை யானையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அந்தக் கிண்ணம் எனக்கு வேண்டும். அதற்காக எதையும் பாடமாக்க நான் தயார்.

அம்மாவுக்கு வேலையால் நேரமில்லை. அவவின் தம்பியான என் மாமா பொறுப்பெடுத்து, எனக்கு முதலையைத் தெரிவு செய்தார். மாமா ஜெர்மனிக்கு நேரே வந்தவர் அல்ல. ஆபிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கரையில் மாதக்கணக்கில், களவாக ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக் கிடந்து வந்தவர். ஆகவே எங்கள் வீட்டில் முதலை விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

நான் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் கூட்டி வரும்போது, ஏ-நாற்பது நெடுஞ்சாலை நெரிசலில், மாமா சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். காதில் விழுந்த எதையும் விடமாட்டேன் என்று வீட்டில் என்னைப் பற்றிப் பெரிய பெருமை. அதுதான் வினையாகப் போயிற்று.

மேடையில் பட்டுப்பாவாடையோடு நின்று கணீரென்று தொடங்கினேன்.

“அவையோருக்கு வணக்கம். விக்டோரியா ஏரி கடல் போன்றது. அங்கே முதலைகள் வாயைத் திறந்தபடி வெயில் காயும். தாய் முதலை தன் குஞ்சுகளை வாயில் காவிக்கொண்டு போகும். டேய், சிக்னல் போடாமல் எங்கையடா வாறாய்?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. “கோதாரி விழுவான், லொறியைக் குறுக்கை விட்டிட்டான்” என்பதையும் கையை உயர்த்தி, உரிய ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. மாமா கடைசி வரிசையில் கதிரைக்குள் புதைந்துகொண்டிருந்தார்.

நான் விடவில்லை. நெரிசலில் மாமா தன்பாட்டில் முணுமுணுத்ததும் பாடத்தில் சேர்த்திதானே.

“முதலைக்குப் பயந்து ஒருத்தரும் தண்ணியிலை கை வைக்கேல்லை. தோணியிலை ஏறேக்கை ஏழு பேர். இறங்கேக்கை ஆறு பேர். என்ரை தோளிலைதான் சாஞ்சிருந்தவன், நித்திரை எண்டு நினைச்சன். காய்ச்சல். முதலையிலை ஒரு பிழையும் இல்லை. நன்றி, வணக்கம்.”

ஒருவரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டேனாக்கும் என்று மனதுக்குள் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை.

கிண்ணம் யானைக்குப் போனது. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப்பெட்டி.

வீட்டுக்குத் திரும்பும்போது பின்சீற்றில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். முன்னால் இருந்த அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

“இவ்வளவு வருஷமா எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையேடா” என்றா மாமாவிடம்.

“விடுங்கோ அக்கா, ரோட்டைப் பாப்பம்” என்றார் மாமா.

அம்மா கை நீட்டி அவருடைய தலையைத் தடவினா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணத்தைப் பறிகொடுத்தது நான். இவருக்கு ஏன் ஆறுதல்?