மணவாளன் ஸ்டியரிங்கை விட்ட வருஷம்

கடலூர்–சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டிய மணவாளனுக்கு நிதானமான டிரைவர் என்று பெயர். ஒருநாள் ஆலப்பாக்கத்தில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்து விழுந்தார். அவர் கால்முறிவோடு பிழைத்துக்கொண்டார். மணவாளனுக்குத்தான் தூக்கம் போயிற்று. டாக்டர் கொஞ்ச நாளைக்கென்று எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டியே வருஷக்கணக்கில் வாங்கி விழுங்கினார்.

2009 மாசியில் ஒரு காலை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. பயந்துபோனவர், யாரிடமும் சொல்லாமல் மீதி மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார்.

அது இன்னும் பொல்லாததாகப் போயிற்று. தூக்கம் அடியோடு நின்றது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஹாரன் சத்தத்துக்கெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. அப்படி ஒருநாள் புதுச்சத்திரம் தாண்டியதும் ஒரு பெண் சாலையைக் கடப்பதாகத் தெரிய, பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஜனங்கள் முன்சீட்டில் போய் மோதினார்கள். சாலையில் யாருமே இல்லை.

"யோவ், குடிச்சிட்டு ஓட்றியா?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

கண்டக்டர் சபாபதி ஓடிவந்தான். மணவாளனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னா மாமா ஆச்சு?"

"முடியல சபாபதி. இத்தினி பேரு உயிரு. நான் எறங்கிக்கிறேன்."

பஸ்ஸை ஓரங்கட்டி, ஜனங்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு, சபாபதி அவரைச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

"திடீர்னு நிறுத்துனா வலிப்பே வந்துருக்கும்," என்றார் அவர். "மறுபடி ஆரம்பிச்சு, நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

முதலாளி அவரை பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றும் வேலைக்கு மாற்றினார். தெரிந்தவர்கள் விசாரித்தால் முதுகுவலி என்று சமாளித்தார். மாத்திரை மனைவி தில்லையம்மாள் பொறுப்பில் இருந்தது. அளவு குறையும்போதெல்லாம் பழைய படபடப்பு திரும்பியது. ஒரு மத்தியானம் அவர் மாத்திரையைத் தேடி அரிசி டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"பாதி மட்டும் குடு தில்லை. செத்துருவேன்னு பயமா இருக்கு."

"சாவ மாட்டீங்க. போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. ஒக்காருங்க."

கொத்தவரங்காய் முறத்தை அவர் முன்னால் தள்ளினாள். ஒவ்வொன்றாக நார் கிள்ளினார். காய் தீர்ந்தபோதும் பயம் தீரவில்லை. ஆனால் அவர் எழுந்து போகவில்லை.

மாத்திரையை முழுசாக விட அடுத்த பொங்கல் ஆயிற்று. டாக்டரம்மா சம்மதித்த பிறகே மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். இன்றும் சில ராத்திரிகள் தூக்கம் வராது. அப்படியான காலைகளில் முதலாளிக்குப் போன் போடுவார்: "இன்னிக்கு வேற ஆளப் போடுங்க. நான் தூங்கல."