கருவாச்சியும் அடுப்பு மேடையும்

குப்பாயியின் இடது கை பனியனின் தோள்பட்டையை நீவிப் பிடித்திருக்க, வலது கை தேய்ப்புப் பெட்டியைக் கழுத்துப் பட்டியிலிருந்து கீழ் ஓரம்வரை ஒரே ஓட்டமாக ஓட்டியது. அழுத்தவில்லை. பின்னல் துணியை அழுத்தித் தேய்த்தால் அகலத்தில் இழுபட்டு ஒரு பக்கம் கோணிவிடும். தேய்த்ததை மார்புப் பக்கம் மேலே வரும்படி மடித்து, அடுக்கின் மேல் வைத்து, விரல் நுனிகளால் ஓரம் சேர்த்தாள். அடுத்ததை உதறி விரித்தாள்.

அடுக்கு முழங்கை உயரம் வந்ததும் அதை அப்படியே மேடையில் ஆற விட வேண்டும். சூடாக அட்டைப் பெட்டியில் போட்டு மூடினால் துணி வேர்த்து மஞ்சள் தட்டும். அது கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கம்.

வாசலில் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது.

"அம்மிணி குப்பாயி, சித்தெ இப்படி வாங்க."

பனியன் கம்பெனி மேஸ்திரி சுப்பையன். வழக்கமாகப் புது மூட்டையோடு வருகிறவர் கையில் அன்று ஒரே ஒரு பனியன் இருந்தது. அதை வெயிலில் விரித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்ற மார்பில் நாலைந்து கறுப்பு மயிர்கள், தேய்ப்புப் பெட்டியின் சூட்டில் துணியோடு துணியாகப் படிந்திருந்தன.

"கல்கத்தா போற சரக்குங்க இது. நெஞ்சில மொளைக்க வேண்டியதை நீங்களே மொளைக்க வெச்சு அனுப்பறீங்களான்னு முதலாளி கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

குப்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை. "பூனை முடிங்க" என்றாள்.

"தெரியுது. அடுத்த மூட்டையில ஒரு முடி கண்டாலும் இந்த ஊட்டுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. அதுக்குமேல என் கையில ஒண்ணுமில்லீங்க."

குப்பாயி அவிநாசிக்கு வடக்கே மானாவாரிக் காட்டில் பிறந்தவள். பருத்தி எடுக்கத் தெரியும், பனியன் தெரியாது. கல்யாணமாகித் திருப்பூர் வந்த பிறகுதான் தேய்க்கப் பழகினாள். யாரும் சொல்லித் தரவில்லை. முதல் மூட்டையில் தான் தீய்த்துக் கெடுத்த பனியன்கள்தான் தனக்கு வாத்தியார் என்பாள். கணவன் ஆத்தப்பன் நிட்டிங் மெஷின் ஓட்டினான். நூல் வராத வாரங்களில் மெஷின் நிற்கும். அவனும் வீட்டில் நிற்பான். அந்த வாரங்களில் அடுப்பு எரிந்தது இவளுடைய தேய்ப்புப் பெட்டியால்தான்.

தேய்க்கிற இடமும் அடுப்படிதான். மாமியார் சாமியாத்தாளுக்கு முழங்கால் மடங்காது என்பதால் ஆத்தப்பன் இடுப்பு உயரத்துக்குக் கடப்பைக் கல்லில் மேடை கட்டி, அடுப்பை அதன்மேல் ஏற்றியிருந்தான். எல்லோரும் குந்தி உட்கார்ந்து சமைத்த காலம் அது. "நின்னுக்கிட்டே ஆக்கறாங்களாமா!" என்று தெருவில் கேலி பேசினார்கள். ஆனால் நீளமான மேடை. ஒரு கோடியில் அடுப்பு. மறு கோடியில் பழைய கம்பளியை விரித்துத் தேய்ப்பு. கொட்டாங்கச்சிக் கங்குகளை அடுப்பிலிருந்து அப்படியே அள்ளிப் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் ஆத்தப்பன் விஷயத்தைக் கேட்டதும் ஆணியில் தொங்கிய சாக்கைப் பார்த்தான்.

"கட்டிக் கொண்டுபோய் நொய்யல் ஆத்துக்கு அக்கட்டால விட்டுப்போட்டு வாரேன். பூனை பெருசா, பொழப்புப் பெருசா?"

"எலியை ஆரு புடிப்பாங்க, நீங்களா?"

கருவாச்சி என்ற இந்தக் கறுப்புப் பூனை வருவதற்கு முன்னால் ஒரு எலி மூட்டையின் மூலையைக் கடித்தது இருவருக்கும் நினைவிருந்தது. நெசவுத் துணியில் ஓட்டை விழுந்தால் ஓட்டை மட்டும்தான். பின்னல் துணியில் ஒரு கண்ணி, ஒரே ஒரு நூல் வளையம், அறுந்தால் அது கீழ்வரைக்கும் ஏணி மாதிரி இறங்கும். பூனை இருந்தால் முடி; பூனை இல்லாவிட்டால் எலி. இரண்டில் எது வந்தாலும் வேலை போய்விடும்.

"அடுத்த மூட்டை வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள அவளை மேடை ஏறாமப் பழக்கிப்போடறேன்."

"பூனையைப் பழக்கறதா? புருசனையே பழக்க முடியலைன்னு போன வாரம் பொலம்புனே."

"அதான் இவளைப் பழக்கிப் பாக்கறேன்."

முதலில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். விளக்குமாற்றால் அடித்தாள். தண்ணீர் தெளித்தாள். கருவாச்சி அலறிக்கொண்டு ஓடியது. ஓடும்போது சாம்பலை மிதித்துக் கம்பளியெங்கும் தடம் பதித்தது. குப்பாயி அடுப்படியில் இருக்கும்வரை தரையிலேயே சுருண்டு கிடக்கும். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனால் போதும், திரும்பி வரும்போது மேடையில் இருக்கும். குப்பாயிக்குப் புரிந்தது: அது மேடைக்குப் பயப்படவில்லை, தனக்குத்தான் பயப்படுகிறது. தான் இல்லாதபோது அந்தப் பயத்துக்கு வேலையில்லை.

மறுநாள் விளக்குமாற்றைத் தொடவில்லை. நடையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தபடி, தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவாச்சி ஏறியது. தயிர்ச் சட்டி பக்கத்திலேயே இருந்தது, மோந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் கம்பளிக்குப் போய், முன்னங்கால்களால் மாற்றி மாற்றிப் பிசைந்து, பெட்டி கடைசியாக ஓடிய இடத்தில் வயிற்றை வைத்துப் படுத்தது.

மார்கழிக் குளிர். அது திருட வரவில்லை. குளிர் காய வருகிறது. கம்பளியில் ஒட்டிய முடிதான் அடுத்த பனியனில் ஏறித் தேய்ந்து படிகிறது. ஆற வைத்த அடுக்குக்குக் கண் கொட்டாமல் காவல் இருந்தவள், கம்பளியைப் பார்க்கத் தவறியிருந்தாள்.

அடுப்புக்கு மேலே சுவரில் விறகு காய வைக்கிற பலகை ஒன்று இருந்தது. அதன் ஒரு கோடியை ஒழித்து, வேறொரு பழைய சாக்கை மடித்துப் போட்டு, கழிவுத் துணியைப் பரப்பினாள். மேடையைத் தொடாமலே அங்கே ஏறும்படி பக்கத்துச் சுவரோரம் தகர டிரங்குகளை அடுக்கினாள். தினமும் வேலை முடிந்ததும் அந்தத் துணியைச் சூடாகத் தேய்த்துப் பலகையில் விரித்தாள்.

"பூனைக்கு இஸ்திரி போட்ட படுக்கைங்களா!" என்றான் ஆத்தப்பன். "எனக்கு வேட்டி கசங்கிக் கெடக்குது."

பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையைக் கிழிந்த அட்டைகளில் தடவி, வேலை இல்லாத நேரங்களில் மேடையின் விளிம்பு நெடுகப் பரப்பி வைத்தாள். இனி தான் விரட்டக் கூடாது, மேடையே விரட்ட வேண்டும் என்பது அவள் கணக்கு. கருவாச்சி தாவிய வேகத்தில் பின்னங்காலில் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டது. அதை உதறிக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றியது.

சாமியாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "செருப்புப் போட்டுக்கிட்டு எங்கடி போறே, சந்தைக்கா?"

கருவாச்சி கூரை வழியாகப் போய்விட்டது. பொழுது சாய்ந்தும் வரவில்லை. ஒரேயடியாகப் போய்விட்டதோ என்று குப்பாயிக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கு வைத்த பிறகு வந்தது. மேடையை அண்ணாந்து பார்த்தது. பிறகு டிரங்குகளில் ஏறிப் பலகைக்குப் போய்ப் படுத்தது.

அதன்பின் கம்பளி சுத்தமாக இருந்தது. குப்பாயி மூச்சு விட்டாள். புது மூட்டை வருவதற்கு முந்தின நாள், அடுப்பின் பக்கத்து விளிம்பில் அட்டை ஒன்று தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் கல்மேல் ஈரத் தடம்.

ஆத்தப்பன் ஆணியிலிருந்து சாக்கை எடுத்தான்.

"சித்தெ பொறுங்க" என்று குப்பாயி தடத்தின்மேல் விரலை வைத்து முகர்ந்தாள். பால். மாமியார் பக்கம் திரும்பினாள். சாமியாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

"ஏனுங்கத்தை, பால் ஆடையை இங்கயா வழிச்சு வெக்கறீங்க?"

"பின்னெ? என்னால குனிஞ்சு தரையில வெக்க முடியுமா கண்ணு? வாயில்லாச் சீவன் காலைச் சுத்திச் சுத்தி வருது."

"நான் ஏறாதேங்கறேன், நீங்க ஏறி வான்னு கூப்புடறீங்க. அது ஆரு பேச்சைக் கேக்கும்?"

"உன் பேச்சைத்தான் நானும் கேக்கறேன்" என்று முனகினாள் கிழவி. ஆனால் அன்றிலிருந்து பால் ஆடையைச் சன்னல் விளிம்பில் வைத்தாள். சன்னலும் அவள் இடுப்பு உயரம்தான். "மாமியாளையும் சேத்துப் பழக்கிப்போட்டா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள்.

மூட்டை வந்தது. பசை அட்டைகளையெல்லாம் குப்பாயி எடுத்துவிட்டாள். வெள்ளைச் சரக்கில் ஒரு சொட்டுப் பசை பட்டால் முடியைவிட மோசம். கம்பளியைத் துவைத்து வெயிலில் உலர்த்தி, ஈரத் துணியால் ஒத்தி ஒத்தி எடுத்து விரித்தாள். இனி மேடைக்குக் காவல், பூனையின் பழக்கம் மட்டும்தான்.

"கூடையில கவுத்து வெச்சிரலாமில்ல?" என்றான் ஆத்தப்பன்.

"ஒவ்வொரு மூட்டைக்கும் கவுத்து வெக்கறதுக்கு நொய்யலுக்கே அனுப்பிரலாமுங்க."

காலையிலிருந்து தேய்த்தாள். பலகையிலிருந்து கருவாச்சி பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி அடுக்கு ஆறிக்கொண்டிருக்கும்போது தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாகக் கூச்சல் எழுந்தது. தவறவிட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆத்தப்பன் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். மாமியாரால் குடம் தூக்க முடியாது. அடுப்படிக்குக் கதவும் கிடையாது. அடுக்கை ஒருமுறை பார்த்துவிட்டுக் குப்பாயி போனாள். வரிசையில் நின்ற நேரமெல்லாம் காலடியில் மண்ணைக் கீறிக்கொண்டே நின்றாள்.

இடுப்பில் குடத்தோடு திரும்பி வந்தவள் அடுப்படி நிலையிலேயே நின்றுவிட்டாள்.

பலகை காலி. கருவாச்சி கீழே, மேடைக்கு முன்னால் தரையோடு ஒட்டிப் பதுங்கியிருந்தது. பின்பாகம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் பார்வை போன இடத்தைக் குப்பாயியும் பார்த்தாள். மேடையில், வெள்ளை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு எலி. அடிப் பனியனின் மூலை அதன் வாயில் இருந்தது.

கருவாச்சி தாவினால் அடுக்கு சரியும், முடி ஏறும். தாவாவிட்டால் எலி கண்ணியை அறுக்கும். கத்தினால் இரண்டும் ஒன்றாகப் பாயும். குடத்தை இறக்கி வைக்கக்கூட அவளுக்குத் தைரியமில்லை. கருவாச்சி முன்னங்காலைத் தூக்கியது. மேடையை நோக்கித் தாவப் போய், தாவாமல் கீழே வைத்தது. மறுபடி தூக்கியது. வைத்தது.

குப்பாயி சுவரோரமாக நகர்ந்தாள். அடுக்குக்குப் பின்னால் வரும் இடத்தில், சுவரை விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். எலி துணியை விட்டுவிட்டு, அடுப்பின் பக்கம் கல்லோரமாக ஓடித் தரையில் குதித்தது. குதித்த இடத்துக்குக் கருவாச்சி முன்பே போயிருந்தது.

பிறகுதான் அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். குடத்துத் தண்ணீர் சேலையில் சிந்தியது.

உட்கார்ந்து ஒவ்வொரு பனியனாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடிப் பனியனில் மட்டும் ஒரு கண்ணி பிரிந்திருந்தது. அதைத் தனியே மடித்து வைத்தாள்.

சாயங்காலம் சுப்பையன் வந்தார். வாசல் வெளிச்சத்தில் அடுக்கைப் பிரித்து, உள்ளங்கையால் தடவி, மார்புப் பக்கத்தையும் முதுகுப் பக்கத்தையும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி எதையோ நகத்தால் கிள்ளினார். குப்பாயி நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"பஞ்சுங்க" என்றார். ஊதித் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். எல்லாம் பார்த்து முடித்து நிமிர்ந்தார். "தனியா வெச்சிருக்கறது என்னதுங்க அம்மிணி?"

"எலி கடிச்சதுங்க. ஒண்ணுதான். மறைச்சு உள்ள வெக்க மனசு வரலை."

அவர் பிரிந்த கண்ணியை இழுத்துப் பார்த்தார். "எலிக்கு முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. அது எல்லா ஊட்டுலயும் இருக்கறதுதான்." உள்ளே எட்டிப் பார்த்தார். "பூனையைத் தொலைச்சுப்போட்டீங்களா?"

"சன்னல்ல உக்காந்துக்கிட்டிருக்கறாளுங்க."

"சரக்குல ஒரு முடிகூட இல்லீங்க, அது போதும்" என்றார் சுப்பையன். குப்பாயி பெட்டிகளில் பனியன்களை அடுக்கி மூடி, மேலே குறுக்கும் நெடுக்கும் சணல் போட்டு இறுக்கினாள். கடித்த பனியனை மேலே, கண்ணில் படும்படி சொருகினாள். சுப்பையன் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தார். அவள் பெட்டிக் கட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கேரியரில் வைத்தாள். அவர் கை வந்து பிடித்துக்கொண்ட பிறகுதான் தன் கையை எடுத்தாள்.