கொடுக்காத பாதிக் கேன்

என் வீட்டுக் கொல்லையில் பழைய அலுமினியக் கேன் ஒன்று கிடக்கிறது. வாய் குறுகியது, தவிடு போட்டு வைக்கக்கூட லாயக்கில்லை. பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லிச் சொல்லி மனைவி அலுத்துவிட்டாள். எனக்கும் அலுப்புத்தான், ஆனால் போட மனம் வரவில்லை.

வலங்கைமான் பக்கத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் நான் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். மாட்டுக்குச் சினை ஊசி போட, காளையின் விந்தை உறையவைத்து அடைத்த குச்சிகளைக் கடுங்குளிரான திரவ நைட்ரஜனில்தான் வைத்திருப்போம். அதில் மிச்சம் மீதியைக் கேட்டு, கல்லூரியில் வேதியியல் நடத்திய பேராசிரியை ஒருவர் மாணவர்களோடு வாராவாரம் பஸ்ஸில் வருவார். இந்தக் கேனை அவருக்கென்றே ஒதுக்கியிருந்தேன். நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் தூசியில் பனி படிகிறதாம். அதே பனியைக் காற்றில்லாத கண்ணாடிக் குழாய்க்குள் இந்த நைட்ரஜன் குளிரில் உறையவைத்து, ஒளி பட்டால் அதில் என்னென்ன உண்டாகிறது என்று பார்ப்பது அவர் வேலை. விண்வேதியியல் என்று ஒரு படிப்பு இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாத காலம். அதற்கு நம் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான். போட்டது மாட்டாஸ்பத்திரி நைட்ரஜனில். அவரிடம் சேர்ந்த பிள்ளைகளோ கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சென்னை, அமெரிக்கா என்று கிளம்பினார்கள். கடைசியில் கேனைத் தூக்க ஆளில்லாமல் அவரே தூக்கினார்.

ஒரு மழைக்காலத்தில் நைட்ரஜன் லாரி வரவேண்டிய நாளில் வரவில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே கேன் நைட்ரஜன். அன்று பார்த்து வந்து நின்றார், புடவை முழங்கால்வரை நனைந்து.

"பத்து நாளா காப்பாத்துன பனி சார். நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்கினா போதும். பாதிக் கேன் குடுங்க."

"குச்சியெல்லாம் வீணாப் போயிடும் மேடம். மாட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் வற்புறுத்தவில்லை. வெறும் கேனோடு பஸ் ஏறினார். அன்றே பனி உருகிவிட்டது. மறுநாள் காலையில் லாரி வந்து நின்றது. பாதி கொடுத்திருந்தாலும் குச்சிகள் ஒரு நாள் தாங்கியிருக்கும். என்மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அடுத்த வருஷம், அவர் தேடியதை வெளிநாட்டில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவரே வந்து சொன்னார். முகத்தில் கோபமில்லை, களைப்பு மட்டும்.

"அந்தக் குச்சியில எத்தனை கன்னு பொறந்துச்சு சார்?"

"பதினாறு மேடம்."

"அப்ப சரி."

மறுவாரமே மறுபடி கேனோடு வந்தார். ஓய்வு பெறும்வரை வந்தார். அவர் எழுதியதைப் படித்து இன்று எங்கெங்கோ அந்தப் பனியை உறையவைக்கிறார்களாம். கடைசி நாளில் கேனைக் கழுவித் துடைத்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினாறு கன்றும் வளர்ந்தன, கிடேரிகள் கறந்தன. பிறகு பிள்ளைகளைத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அனுப்ப வீட்டுக்கு வீடு மாட்டை விற்றார்கள். இப்போது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பாக்கெட் பால்தான். இன்று காலை பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டே மனைவி கேனைப் பற்றி மறுபடியும் கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

அன்றைக்குப் பாதியாவது கொடுத்திருக்கலாம்.