அர்லெத்தின் மடக்குக்கத்தி

ஜன்னல் சட்டத்தில் கத்திமுனையை வைத்து அழுத்துகிறாள் அர்லெத். முனை இறங்கவில்லை. "ம், உசுரோட இருக்கு" என்று கத்தியைத் தொடையில் துடைத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போகிறாள். பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் இருக்கும் வெர்னுஸா மாளிகைக்கு மொத்தம் தொண்ணூற்றிரண்டு ஜன்னல்கள். காலைக் காப்பிக்கு முன்னால் கீழ்த்தளம், காப்பிக்குப் பின்னால் மாடி. வெளிக்கதவுகளைத் திறந்து வீட்டுக்குக் காற்றுக் கொடுப்பதும், போகிற போக்கில் மரத்தைக் குத்திப் பார்ப்பதும் நாற்பத்தொரு வருஷத்துப் பழக்கம். வயது எழுபத்துமூன்று. முழங்கால் வேண்டாம் என்கிறது. முழங்காலை யார் கேட்டார்கள்?

அதே கத்திதான் ரொட்டிக்கு, பாலாடைக்கட்டிக்கு, ரோஜாச்செடிக்கு, பூட்ஸில் ஒட்டிய சேற்றுக்கு. மாட்டுக்கொம்புப் பிடி போட்ட மடக்குக்கத்தி. முன்பு அது மாளிகையின் பழைய எஜமான் பெரிய மெஸ்யூவுடையது. அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாப்பாட்டு மேஜைக்குத் தலைவர் தன் கத்தியை ரொட்டித் துண்டில் துடைத்து மடக்கினால் சாப்பாடு முடிந்தது. வாயில் பாதிப் பாலாடைக்கட்டியோடு இருப்பவனும் எழுந்துவிட வேண்டியதுதான். அறுவடை நாட்களில் பெரிய மெஸ்யூ வேலைக்காரர்களோடுதான் சாப்பிடுவார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இருபது பேரும் எழுந்துவிடுவார்கள், அவருடைய பிள்ளைகள் உட்பட. சாகக் கிடந்தபோது கத்தியை அர்லெத்திடம் நீட்டி, "சும்மா வாங்காதே, ஒரு காசு குடு. இல்லேன்னா கத்தி உறவை அறுத்துடும்" என்றார். கொடுத்தாள். இப்போது மாளிகையைப் பார்த்துக்கொள்பவளுக்கென்று விட்ட வாசல் வீட்டில் தனியாகச் சாப்பிட்டாலும், கத்தியை மடக்கிய கணமே எழுந்துவிடுகிறாள். அதற்கப்புறம் ஒரு வாய்த் தண்ணீர்கூட அந்த மேஜையில் கிடையாது.

பதினோரு வருஷமாக மாளிகை விற்பனைக்கு இருக்கிறது. 'பதினேழாம் நூற்றாண்டு, மூன்று கோபுரங்கள், சிறு தேவாலயம், குளம், அறுபது ஹெக்டேர் காடு, அரிய வாய்ப்பு' என்று விளம்பரம். "பதினோரு வருஷமா அரியதாவேதான் இருக்கு" என்பாள் அர்லெத். விற்காமல் போனதற்குப் பாதிக் காரணம் கூரை. மீதிக் காரணம் இவள் வாய். அவளுக்குப் பொய் வராது. உத்தமி என்பதால் அல்ல, வரவே வராது, அவ்வளவுதான். குளிர்காலத்தில் எப்படி என்று கேட்ட பெல்ஜியத்துக்காரரிடம், "தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குங்க, காதாவது மிஞ்சும்" என்றாள். கூரை நன்றாகத்தானே இருக்கிறது என்ற பாரிஸ் சீமாட்டியைக் கையைப் பிடித்துப் பரணுக்குக் கூட்டிப்போய், முப்பத்தொரு வாளிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். சீமாட்டி காரைத் திருப்பக்கூடப் பொறுமையில்லாமல் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதிலிருந்து வீட்டுத் தரகன் ரெமி, ஆட்கள் பார்க்க வரும் நாளில் அவளை ஊருக்கு அனுப்பிவிடுவான்.

"மதாம் தெவெனன், இன்னிக்குச் சந்தையில முள்ளங்கி மலிவாம்."

"என் தோட்டத்துலயே முள்ளங்கி இருக்கு. வாயை மூடிக்கிட்டுக் கிளம்புன்னு நேராச் சொல்லேன், நடுவுல எதுக்குடா முள்ளங்கி?"

திட்டிக்கொண்டேதான் போவாள். போவதற்கு முன் வரவேற்பறைக் கணப்பை மூட்டி, பித்தளைப் பிடிகளைத் துடைத்து, ஜாடியில் பூ வைத்துவிட்டுத்தான் போவாள். வீடு விற்றால் வாசல் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று விளம்பரத்தின் கடைசி வரியிலேயே போட்டிருந்தது. தன் கையாலேயே தன்னை வெளியேற்ற வேலை பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அழுக்கு வீட்டை அந்நியருக்குக் காட்ட அவளால் ஆகாது.

இந்தப் பிப்ரவரியில்தான் அது நடந்தது. சின்னச் சாப்பாட்டறையின் ஓக் பலகைச் சுவரில் வழக்கம்போலக் கத்தியை வைத்தாள். அழுத்தக்கூட இல்லை. பிடிவரைக்கும் இறங்கிவிட்டது. பலகையை நெம்பினால், உள்ளே வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்து கிடந்தது. நனைந்த காளான் வாடை, துருநிறப் பொடி. மெருல். மரத்தைத் தின்று, கல்சுவரைத் தாண்டி, அடுத்த மரத்தையும் தின்னப் போகும் காளான். பக்கத்து ஊர்ப் பாதிரியார் வீட்டை இதற்காகத்தான் தரைமட்டமாக்கினார்கள். அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். நாற்பத்தொரு வருஷமாகத் தினமும் குத்திப் பார்த்தும் இது எப்படித் தப்பியது? தரையில் உட்கார்ந்து, புருஷன் செத்தபோதுகூட அழாத அழுகை அழுதாள்.

பெரிய மெஸ்யூவின் மகளும் இப்போதைய சொந்தக்காரியுமான பிளாந்தினுக்குப் போன் போட்டாள். பிளாந்தினுக்கு அறுபது வயது ஆகிவிட்டது. வரியும் கூரையும் அவள் வாழ்நாளைக் குடித்துவிட்டன. கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அர்லெத், யார்கிட்டயும் மூச்சு விடாதே. லியோன்லேர்ந்து ஒரு குடும்பம் வருது. இதுவும் போச்சுன்னா பிரிச்சு விக்கிறவன்தான். கணப்பு ஒரு லாரி, படிக்கட்டு ஒரு லாரி, தரைப்பலகை ஒரு லாரி. மிச்சத்தை மழை பாத்துக்கும்."

பொய் வராதவள் அன்று ஒரு காரியம் செய்தாள். பலகையைத் திரும்பப் பொருத்தி, கடப்பாரையால் நெம்பி நெம்பி, கனமான பாத்திர அலமாரியை அதன் முன்னால் நகர்த்தி வைத்தாள். விற்பனைக்கு முன் வீட்டைச் சோதனை செய்ய வந்தவர் அலமாரியின் அழகைப் பாராட்டிவிட்டு, காகிதத்தில் குறி போட்டுக்கொண்டு போனார். 'நான் ஒண்ணும் பொய் சொல்லல, அலமாரியைத்தான் நகர்த்தினேன்' என்று தனக்கே பலதடவை சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் அந்த அறையில் மட்டும் அவள் கத்தியை எடுப்பதேயில்லை.

வந்த குடும்பமோ, சே, நல்ல குடும்பம். கொஞ்சம் திமிர் பிடித்தவர்களாக இருந்திருக்கக் கூடாதா? கோரலியும் அவள் புருஷன் தாமியனும். குடியிருக்கும் வீட்டையும், அவள் அப்பாவின் ரொட்டிக்கடையையும் விற்றுவிட்டு வருகிறார்கள். விருந்தினர் விடுதி நடத்துவார்களாம். இரண்டு பெண் குழந்தைகள், பாட்டி வீட்டில் விட்டு வந்திருக்கிறார்கள். மே மாதம் முன்பத்திரத்தில் கையெழுத்து. அன்று அர்லெத்தைச் சந்தைக்கு அனுப்ப ரெமியால் முடியவில்லை. "அந்த மதாமும் எங்களோட சாப்பிடணும்" என்று கோரலி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். வெயில் நன்றாக விழுகிறதென்று சாப்பாட்டுக்குச் சின்ன அறையையே தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

உருளைக்கிழங்கை மாவுக்குள் வைத்து மூடிச் சுட்ட பதே, அர்லெத்தின் கைப்பக்குவம். மேல்மாவைக் கிழித்துப் பாலேட்டை ஊற்றினாள். ரெமி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டான். காகிதங்கள் மேஜை ஓரத்தில் இருந்தன, அவற்றின் மேல் பேனா.

"மதாம்" என்று கோரலி அவள் கையைத் தொட்டாள். "நீங்க வாசல் வீட்டை விட்டுப் போக வேண்டாம். இருக்கிற வரைக்கும் உங்க வீடுதான். பத்திரத்துலயே எழுதச் சொல்லிட்டோம்."

பிளாந்தின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெமி, "பாத்தீங்களா மதாம், வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு எவ்வளவு பெரிய பரிசு!" என்று சிரித்தான்.

இனி அர்லெத் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வீடு நிற்கும், அவளும் இருப்பாள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

தாமியன் அண்ணாந்து பார்த்தான். "இதுக்கு மேல் ரூம் பொண்ணுங்களுக்கு. கட்டில்ல குதிச்சுக் குதிச்சே உத்தரத்தை உடைச்சிருவாளுங்க ரெண்டு பேரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த உத்தரத்தின் ஒரு முனை அலமாரிக்குப் பின்னால்தான் சுவருக்குள் போகிறது. அர்லெத் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ரெமி, இந்த அலமாரியை ஒரு கை பிடி."

"இப்ப எதுக்கு மதாம்? உக்காருங்க."

"பிடின்னா பிடி."

ரெமி அசையவில்லை. உதவி என்று நினைத்துத் தாமியன்தான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். அலமாரி கிறீச்சிட்டு நகர்ந்தது.

"அர்லெத், வேண்டாம்" என்றாள் பிளாந்தின். "நம்ம வீடு அர்லெத்."

நாற்பத்தொரு வருஷத்தில் அந்த 'நம்ம'வை அவள் இன்றுதான் கேட்கிறாள்.

"மன்னிச்சிருங்க மத்மஸெல்" என்று பிளாந்தினிடம் சொல்லிவிட்டுப் பலகையில் கத்தியை வைத்தாள். சத்தமே இல்லாமல் பிடிவரைக்கும் போனது. "வாங்கம்மா, நீங்களே உருவிப் பாருங்க" என்று கோரலியிடம் சொன்னாள். கோரலி உருவியபோது துருநிறப் பொடி கொட்டியது, அவள் காலணி மேலெல்லாம். வாடையும் வந்தது. தாமியன் மேஜைக்குத் திரும்பி, பேனாவின் மூடியை மெதுவாகப் போட்டான்.

அர்லெத் கத்தியை வாங்கிக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். தட்டில் இருந்த ரொட்டித் துண்டை எடுத்து, இருபக்கமும் நிதானமாகத் துடைத்தாள். மடக்கினாள்.

டக்.

பிளாந்தின்தான் முதலில் எழுந்தாள்.