ஆறு சிடிக்கும் சந்தனப் பொட்டு

கோவில்பட்டியில் ஒரு டாக்டரம்மா நடத்திவந்த சிறிய ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிறவனாக இருந்தேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. டைப் அடிக்கத் தெரியும் என்பதால் கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் என் தலையில் கட்டினார்கள். அதற்கு முன்னால் நோயாளிகளின் விவரங்களை அட்டையில் எழுதி அலமாரியில் அடுக்குவோம். ஒரு மழைக்காலத்தில் கரையான் பாதி அலமாரியைத் தின்று தீர்த்தது. அதன் பிறகுதான் டாக்டரம்மா சர்வர் வாங்கினார்.

திருநெல்வேலியிலிருந்து வந்து அதை அமைத்துக் கொடுத்த இன்ஜினியர் எனக்கு விளங்கும்படி சொன்னார். பெயரும் ஊரும் ஒரு பட்டியல், வந்துபோன நாட்கள் இன்னொரு பட்டியல், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள் மூன்றாவது. இந்தப் பட்டியல்களை எல்லாம் சேர்த்துக் கோப்பது நோயாளிக்குக் கொடுக்கும் எண். அந்த மொத்தத்துக்கும் டேட்டாபேஸ் என்று பெயர். சாயங்காலம் தவறாமல் முழுவதையும் ஒரு சிடியில் நகல் எடு, ஒரு சிடியை வேறு இடத்தில் வை, எடுத்த நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது பார், மிஷினை அணைக்கும் முன் டேட்டாபேஸை முறைப்படி நிறுத்து என்றார்.

நகல் எடுப்பதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. திங்கள் முதல் சனி வரை கிழமைக்கு ஒன்றாக ஆறு சிடி. மேல்பக்கத்தில் கிழமையை எழுதி, ஆறையும் சர்வருக்கு மேலிருந்த பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். அவர் காலடியை விடப் பத்திரமான வேறு இடம் எது என்று நினைத்தேன். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். நோயாளிகள் கூட்டம் குறையவே பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. பூஜைக்கு வைத்த ஆயுதம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்ற அவசரத்தில், எதையும் நிறுத்தாமல் மெயின் சுவிட்சை அணைத்தேன். சர்வரைத் துடைத்துப் பொட்டு வைத்து மாலை சாத்தினேன். பிறகு தாம்பாளத்தில் ஆறு சிடியையும் பரப்பினேன். ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு வைக்காமல் விட மனம் வரவில்லை. எழுதிய கிழமை மறைந்துவிடக் கூடாதே என்று திருப்பிப் போட்டு, கண்ணாடி போல் மின்னிய பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் அழுத்தி வைத்தேன். பார்க்கவே லட்சணமாக இருந்தது. அதன் பிறகு அன்று எதையும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் மிஷினைப் போட்டால் டேட்டாபேஸ் எழுந்திருக்க மறுத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போதே விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஆடு வளர்க்கிற குடும்பம். நிறைமாதப் பெண்ணுக்கு முந்தின ராத்திரியே வலி கண்டு, பிள்ளை இறங்காமல் கிடந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் என் மேஜைக்கு வந்தார். இரண்டு வருடம் முன்பு காய்ச்சலுக்கு வந்தபோது, போட்ட ஊசிகளில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் அவருடைய மனைவிக்கு மூச்சு நிற்கப் பார்த்ததாம். அந்த மருந்துச் சீட்டு மழையில் நனைந்து கூழாகிவிட்டதாம்.

"எந்த ஊசின்னு எனக்குச் சொல்லத் தெரியலையே அண்ணாச்சி. அம்மா இந்தப் பெட்டியிலதான் ஏத்தச் சொன்னாவ. நீங்கதான் ஏத்துனீய."

ஏற்றியது நான்தான். டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. மணியைப் பார்த்தார்.

"அது தெரியாம நான் கத்தியைத் தொட்டா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. பதினோரு மணி வரைக்கும் பிள்ளை தாங்கும். அதுக்குள்ள எடுத்துக் குடுங்க."

அப்போது மணி ஒன்பதரை. திங்கள் சிடியை எடுத்து வேட்டி நுனியால் வட்டமாகத் தேய்த்தேன். டிரைவ் படிக்கிற அந்த மின்னும் பக்கத்தைக் காய்ந்த சந்தனம் அரம் போலக் கீறிவிட்டது. டிரைவில் போட்டால் கரகரவென்று சுற்றிவிட்டு வெளியே தள்ளியது. வாசலில் நின்ற மூத்த நர்ஸம்மா மற்ற ஐந்தையும் பார்த்தார்.

"பொட்டு வச்சதுதான் வச்சீய, அதுக்குக் கண்ணுலயா வைப்பீய?"

திருநெல்வேலிக்குப் போன் போட்டேன். இன்ஜினியர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"தேய்க்காதீய அண்ணாச்சி. சாமிக்கு அபிஷேகம் பண்ணுத மாதிரி மெல்லத் தண்ணி ஊத்துங்க. ஊறட்டும். அப்புறம் நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா ஒத்தி எடுங்க. வட்டமாக் கை போகவே கூடாது."

அதே தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஐந்தையும் ஊறப் போட்டேன். நர்ஸம்மா கேலியை விட்டுவிட்டுப் பஞ்சு கொண்டுவந்து உட்கார்ந்தார். வெளியே பெஞ்சில் இருந்த அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சாமிக்குன்னுதானே செஞ்சீய, அவரு கைவிட மாட்டாரு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய் சிடி பாதி வரை ஓடி நின்றது. சனிக்கிழமை சிடியைப் போட்டேன். இன்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல, டேட்டாபேஸைத் திரும்ப ஏற்றுகிற கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். திரையில் வரிகள் நகர ஆரம்பித்தன. பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பத்தே முக்காலுக்கு ஓட்டம் முடிந்தது. பெயரைத் தட்டி எண்ணை எடுத்து, எண்ணைத் தட்டினேன். மூன்றாவது பட்டியலில் ஒரே ஒரு வரி வந்தது. மருந்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா படித்துவிட்டு, தட்டில் எடுத்து வைத்திருந்த ஊசிகளில் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார். கதவு மூடியது.

பெண் குழந்தை. தாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

இழந்த திங்கள், செவ்வாய், புதன் காலைப் பதிவுகளை, மருந்து கொடுக்குமிடத்தில் இருந்த நகல் சீட்டுகளைப் பார்த்து நர்ஸம்மா வாசிக்க வாசிக்கத் திரும்ப ஏற்றினேன். சனிக்கிழமை சிடியை அன்று முதல் வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்துவந்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாளே முறைப்படி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். பொட்டு சர்வரின் தகரப் பெட்டிக்கு மட்டும்தான்.

இன்னொரு வழக்கமும் வந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வந்ததும், ஏதாவது ஒரு சிடியை எடுத்து, ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரில் முழுவதையும் ஏற்றிப் பார்ப்பேன். ஏறிவிட்டது என்று திரை சொன்னால் மட்டும் எனக்குப் போதாது. அந்தப் பெண்ணின் எண்ணைத் தட்டுவேன். மூன்றாவது பட்டியலில் அந்த ஒரு வரி வரும். வந்த பிறகுதான் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து நர்ஸம்மாவுக்குக் கொடுப்பேன்.