வார்த்தையின் வாலைத் தின்ற ரேடியோ

நேற்று மத்தியானம் மகள் போன் செய்தாள். பேசிக்கொண்டே லிப்டுக்குள் நுழைந்துவிட்டாள் போலிருக்கிறது. "அம்மா, அப்புறமா கூப்…" என்றதோடு லைன் செத்துப்போனது. "கூப்பிடறேன்" என்று சொல்ல வந்திருக்கிறாள், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நானோ கரண்டியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது. அந்தக் கருகல் வாசனை சும்மா இருக்குமா? உழவர்கரை அடுக்குமாடி வீட்டிலிருந்து என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய், குருசுக்குப்பத்தில் சூடேறிய தூசி நாறும் ஓர் அறையில் தள்ளிவிட்டது.

அந்த அறைக்கு ரேடியோ ரூம் என்று பெயர். பெரிய நிலையம் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு மைக், இசைத்தட்டுப் பெட்டி. அங்கிருந்து கிளம்பும் ஒயர், தென்னைமரங்களிலும் கம்பங்களிலும் கட்டிய கூம்புக் குழாய்களில் போய் முடியும். காற்று எப்படி, யாருடைய கட்டுமரம் கரை திரும்பியது, யார் வீட்டில் சாவு, எல்லாம் குழாயில்தான் வரும். அறிவிப்பாளர் நான். குரல்வளம் பார்த்து எடுத்தார்கள் என்று நினைக்கவேண்டாம். தண்ணீர்க் குழாயடியில் நான் போட்ட சண்டை கடற்கரை வரை கேட்டதாம், அந்தத் தகுதிதான். என் அண்ணன் மணி ஒயர் பார்ப்பவன். ஏணி இல்லாமல் கம்பம் ஏறுவான்.

உரிமையாளர் அந்துவான் மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் இந்தோசீனாவில் தகவல் பிரிவில் இருந்த சொல்தா. அறிவிப்பு முடிந்ததும் விறைப்பாக நின்று, "கூப்பே!" என்று கத்துவார். பிரெஞ்சில் 'வெட்டு' என்று அர்த்தமாம். மைக்கை அணைக்கச் சொல்கிறார். எனக்கு அர்த்தமெல்லாம் தெரியாது. அந்தச் சுவிட்சுக்குத்தான் கூப்பே என்று பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் காலத்தில் குழாய் கணீரென்று பேசும். பிறகு ஆம்ப்ளிபயரின் வால்வுகள் ஒவ்வொன்றாகப் போயின. மாற்று கிடைக்கவில்லை. சாராயக்கடை கண்ணாயிரம், விசைப்படகும் வைத்திருந்தவன், புது ஆம்ப்ளிபயர் பெட்டி தருகிறேன் என்று வந்தான். பெட்டியோடு ரேடியோவும் அவன் கைக்குப் போயிற்று. குழாய் எல்லாம் மட்டமான குழாயாக மாறியது. ஒயர் அறுந்தால் வேலிக்கம்பியை முறுக்கிச் சேர்க்கச் சொன்னான். அன்று பிடித்தது வியாதி: குழாய் வார்த்தையின் வாலைத் தின்ன ஆரம்பித்தது. கேட்கிறவர்கள்தான் மீதியைப் போட்டுக்கொள்ளவேண்டும். போட்டுக்கொண்டார்கள். ஊரே அதில் தேறிவிட்டது.

எப்போதும் சரியாகத் தேறினார்களா என்றால், இல்லை. ஒரு பெருங்காற்று நாளில் பக்கிரியின் மரம் திரும்பவில்லை. சாயங்காலம், அவர் வீராம்பட்டினத்தில் பத்திரமாகக் கரை இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. நானும் சந்தோஷமாகப் படித்தேன். குழாய் 'இற' வரைக்கும் கொடுத்துவிட்டு மீதியைத் தின்றுவிட்டது. பக்கிரி நடந்து வீடு வந்தபோது அவர் பெண்சாதி மார்பில் அடித்துக்கொண்டு தரையில் புரண்டுகொண்டிருந்தாள். மனுஷன் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து குழாயை நசுக்கிவிட்டார். அப்புறம் என்னைத் தேடினார். நான் சர்ச்சுக்குள் ஓடி ஒளிந்தேன். இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அதே காதும் அதே வாயும்தான் அடுத்ததற்கும் காரணம்.

மறு வருஷம் கண்ணாயிரத்தின் விசைப்படகு, கரையோரம் வந்து மரக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போனது. கடலிலேயே கல்லெறி. ஒருவனுக்குத் தாடை உடைந்தது. அதைக் குழாயில் சொல்லக்கூடாது என்று கண்ணாயிரம் எனக்கு உத்தரவு போட்டிருந்தான். ரேடியோ கைமாறினாலும் சொல்தா தினமும் வந்து உட்காருவார், ஆம்ப்ளிபயரைத் துடைப்பார். அன்று காலை மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஊர் ரேடியோம்மா இது. ஊர் வலை அறுந்தத சொல்லலன்னா என்னா மயிருக்கு இது?" என்றார்.

வலை என்று ஆரம்பிப்பதற்குள் கண்ணாயிரத்தின் ஆட்கள் இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். வயசான மனுஷன் என்று பார்க்கவில்லை. முதல் அடியில் மூக்குக்கண்ணாடி தெறித்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மேஜைமேல் குப்புற அழுத்தி முதுகில் முழங்கையால் குத்தினார்கள். சுவிட்சு அவர் நெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மைக் திறந்தே கிடந்தது.

அடியும் முனகலும் வெளியே வெறும் கரகரப்பாகத்தான் கேட்டிருக்கிறது. வழக்கமான இரைச்சல் என்று மணலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலைகூட நிமிரவில்லை. சொல்தாவுக்கு அது தெரியாது. ஊர் கேட்டால் ஓடிவரும், வந்தால் கொலை விழும் என்று அவர் பயந்தார். ரத்தம் வழிகிற வாயோடு என்னைப் பார்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, "கூப்பே! கூப்பே!" என்று கத்தினார்.

அது மட்டும் 'கூப்' வரைக்கும் வெளியே தெளிவாகக் கேட்டது.

வாலைப் போட்டுக்கொள்ளப் பழகிய காதுகள் அல்லவா? "சொல்தா கூப்புடுறாருடா!" என்று யாரோ சொல்ல, மணலே எழுந்தது.

நான் மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அதற்குள் அந்த இரண்டு பேரும் வேலை முடிந்ததென்று வாசலுக்குத் திரும்பியிருந்தார்கள். "ரெண்டு தட்டு தட்டிட்டு வாங்கடா" என்பதுதான் அவர்களுக்கு உத்தரவாம், பிறகு கோர்ட்டில் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் போயிருப்பார்கள். வெளியே துடுப்பும் மீன் வெட்டுகிற கத்தியுமாகக் கூட்டம். கம்பத்திலிருந்து குதித்து வந்த அண்ணன், வாசலில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"வேணாம்ணே, போறானுங்க, உட்டுருங்க!"

அவன் முதுகு உள்ளே இருந்தவர்கள் பக்கம் இருந்தது. பயந்துபோனவன் கையில் கத்தி இருந்தால் அது முதுகு முகம் பார்க்குமா? இருவரில் ஒருவன், வழியை அடைத்துக்கொண்டு நின்ற முதுகில் இறக்கிவிட்டான். மணி திரும்பி என்னைப் பார்த்தான். குத்தினவனைக் கூட்டம் துடுப்பால் அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஈரத் துணி துவைக்கிற சத்தம் அது. அவன் எலும்பு முறியட்டும் என்று நானும் கத்தினேன். இப்போதும் அதற்காக வருத்தமில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அண்ணன் போய்விட்டான்.

சொல்தா பிழைத்தார். அதன் பிறகு அவர் ஒரு பிரெஞ்சு வார்த்தை பேசி யாரும் கேட்கவில்லை, வீட்டு நாயைக்கூடத் தமிழில்தான் அதட்டினார். காரியத்தன்று எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துன்னு சொல்லிருக்கலாம்மா. ஒரே ஒரு தபா தமிழ்ல சொல்லிருக்கலாம்," என்றார். அந்தக் குழாயில் அதுவும் 'நிறு' என்றுதான் கேட்டிருக்கும் என்றேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கண்ணாயிரம் ரேடியோவைக் கைகழுவினான். மூன்றாவதாக ஊர்ப் பஞ்சாயத்து எடுத்துக்கொண்டது. புதுக் குழாய், நல்ல ஒயர். ஓர் எழுத்துகூட விழாமல் கேட்டது. அந்தத் தெளிவில் நான் படித்த முதல் அறிவிப்பு, மணியின் வருஷத் திதி. 'மணி' என்ற பெயரின் கடைசி இகரம் தென்னைமரங்களைத் தாண்டிக் கடல் வரை போனதைக் கேட்டபோதுதான் நான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். அதுவும் குழாயில் போனது.

இப்போது அந்தக் குழாய்கள் இல்லை, கம்பங்கள் இல்லை, ரேடியோ ரூம் இருந்த இடத்தில் தங்கும் விடுதி நிற்கிறது. சொல்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் எங்கள் மேல்மாடியில் ஒரு பெண், "ஐயோ, அடிக்கிறானே, யாராவது வாங்களேன்" என்று அலறினாள். ஒவ்வொரு வார்த்தையும் வாலோடு கேட்டது. கையில் கரண்டியோடு மூச்சிரைக்கப் படியேறினேன். எட்டு வீட்டுக் கதவுகள், ஒன்றுகூடத் திறக்கவில்லை.

குருசுக்குப்பத்தில் அன்று ஓடிவந்தவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் அரை வார்த்தைக்கே ஓடிவந்தார்கள்.